நீச்சற் குளப் பம்புக்கு மாற்று மோட்டார் தேர்ந்தெடுத்தல்

நீச்சற் குளத்து நீரை நாள்தோறும் வடிகட்டியின் வழியே சுற்றிவரச் செய்வது பம்பின் பணியாகும். பம்பு நின்றுவிட்டால் சில நாட்களிலேயே நீர் கலங்கிப் பாசி படரும். பம்பின் பாகங்களுள் பெரும்பாலும் முதலிற் பழுதுறுவது மின்சார மோட்டாரே. பம்பின் உடலும், மெக்கானிக்குகள் இம்பெல்லர் என வழங்கும் சுழற்சக்கரமும் நல்ல நிலையில் இருப்பின், மோட்டாரை மட்டும் மாற்றினாற் போதும். அவ்வேளையில், "இனிப் பழுதாகாதபடி சற்றுப் பெரிய மோட்டாராகப் பொருத்திவிடலாம்" என்று பலர் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் எவ்வளவு பொருத்தமானது என்பதை ஆராய்வோம்.

பழுதின் காரணம்

புதிய மோட்டார் வாங்குமுன் பழையது ஏன் கெட்டது என்பதை அறிதல் வேண்டும். மோட்டார் சுழலாமல் முனகல் ஒலி மட்டும் எழுப்பினால், கெப்பாசிட்டர் கெட்டிருத்தல் கூடும். அல்லது சுழற்சக்கரத்தில் குப்பை சிக்கியிருத்தல் கூடும். இவற்றைச் சரிசெய்யின் புதிய மோட்டாருக்குத் தேவையே ஏற்படாது. பம்புக்கும் மோட்டாருக்கும் இடையேயுள்ள சீல் தேய்ந்துவிட்டால், நீர் அச்சுத்தண்டின் வழியே கசிந்து பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். பிறகு கம்பிச் சுருளையும் நனைத்து எரித்துவிடும். ஆகவே மோட்டாரை மாற்றும்போது சீலையும் மாற்றிவிடுதல் இன்றியமையாதது. காற்றோட்டமற்ற குழியும் குறைந்த வோல்ட்டேஜும் மோட்டாரைச் சூடேற்றிக் கெடுப்பனவாகும். இக்குறைகளை நீக்காமற் பொருத்தப்படும் புதிய மோட்டாரும் பழையதன் வழியே செல்லும்.

பெயர்த்தகடு கூறுவது

பழைய மோட்டாரின் பெயர்த்தகட்டில் வோல்ட்டேஜ், ஃபேஸ், அதிர்வெண், சுழற்சி வேகம், மின்னோட்டம், திறன் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். இவையனைத்தையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். நம் நாட்டில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இதில் இரு துருவ மோட்டார் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,850 முறை சுழலும். அமெரிக்காவில் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் ஆதலின், அங்கு அத்தகைய மோட்டார் ஏறத்தாழ 3,450 முறை சுழலும். 60 ஹெர்ட்ஸுக்கென அமைந்த மோட்டாரை அதே வோல்ட்டேஜில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இயக்கினால், வேகம் ஆறில் ஒரு பங்கு குறைவதோடு, இரும்பு உள்ளகத்தில் காந்தப் பாயம் மிகுந்து மோட்டார் சூடேறும்.

அமெரிக்கத் தகடுகளில் மற்றொரு நுட்பமும் உண்டு. அவற்றிற் குறித்துள்ள குதிரைத் திறனை, ‘சர்வீஸ் ஃபாக்டர்’ என்னும் எண்ணாற் பெருக்கினால்தான் மோட்டார் தாங்கக்கூடிய முழுத் திறன் புலப்படும். ஒரு தகட்டில் 1 குதிரைத் திறனும் 1.65 என்னும் பெருக்கெண்ணும் உள்ளன என்று கொள்வோம். மற்றொன்றில் 1.5 குதிரைத் திறனும் 1.10-உம் உள்ளன. பெயரளவில் இவை வேறுபட்டாலும், இரண்டின் முழுத் திறனும் 1.65 குதிரைத் திறனே. முதலாவது பழுதுற்றபோது, அதன் இடத்தில் பெருக்கெண் 1.0 உடைய 1 குதிரைத் திறன் மோட்டாரைப் பொருத்தினால், அது சுமை தாங்காது எரிந்துபோகும். எனவே ஒப்பிட வேண்டியது தகட்டிலுள்ள முதல் எண்ணையன்று. பெருக்கி வந்த தொகையையே ஆகும்.

தேவையைக் கணக்கிடுதல்

திறனைப் பம்பே மோட்டாரிடமிருந்து கேட்டுப் பெறுகிறது. மோட்டார் அதனைப் பம்பின்மீது திணிப்பதில்லை. அதே சுழற்சக்கரமும் அதே வேகமும் இருக்கையில், இருமடங்கு பெரிய மோட்டாரைப் பொருத்தினாலும் நீரின் அளவு குறிப்பிடத்தக்கவாறு உயராது. மோட்டார் குறைந்த சுமையில் ஓடுவதால் அதன் செயல்திறனே குறையும்.

எடுத்துக்காட்டாக, 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் சராசரி 1.5 மீட்டர் ஆழமும் உள்ள குளத்தில் 60,000 லிட்டர் நீர் கொள்ளும். அந்நீர் முழுவதற்கும் ஈடான அளவு 8 மணி நேரத்தில் வடிகட்டியைக் கடக்க வேண்டுமாயின், மணிக்கு 7,500 லிட்டர், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 2.08 லிட்டர் நீர் செல்லுதல் வேண்டும். குழாய், வால்வு, வடிகட்டி ஆகியவற்றின் தடையை வெல்வதற்கு, நீரை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஈடான அழுத்தம் தேவை என்று கொள்வோம். 2.08-ஐ 9.81-ஆலும் 10-ஆலும் பெருக்க, நீருக்குத் தேவையான திறன் 204 வாட் எனக் கிடைக்கும். பம்பின் செயல்திறன் 45 விழுக்காடு எனின், மோட்டார் அச்சில் தர வேண்டியது ஏறத்தாழ 454 வாட். ஒரு குதிரைத் திறன் 746 வாட் ஆதலின், முக்கால் குதிரைத் திறன் மோட்டாரே இக்குளத்துக்குப் போதுமானது.

வேகமும் மின்செலவும்

பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரின் அளவும் பாதியாகும். அழுத்தம் நான்கில் ஒரு பங்காகும். திறனோ எட்டில் ஒரு பங்காகக் குறையும். அதே அளவு நீரைச் சுற்றிவிட இருமடங்கு நேரம் ஓட்ட வேண்டியிருப்பினும், மொத்த மின்செலவு கணக்குப்படி நான்கில் ஒரு பங்கே. குறைந்த வேகத்தில் மோட்டார், பம்பு ஆகியவற்றின் செயல்திறன் தாழ்வதால் நடைமுறையில் இச்சிக்கனம் சற்றுக் குறையும், எனினும் கணிசமானதே. குளத்தின் அடிப்பகுதியைத் துப்புரவு செய்யும்போதும் வடிகட்டியை எதிரோட்டத்தாற் கழுவும்போதும் கூடுதல் வேகம் தேவைப்படும். ஆதலின் வேகத்தை மாற்றத்தக்க மோட்டார், விலை மிகுந்ததாயினும், நாள்தோறும் நெடுநேரம் ஓடும் பம்புக்கு ஏற்றது. அமெரிக்காவில் 2021 ஜூலை 19 முதல் குளப் பம்புகளுக்கு ஆற்றற் சிக்கன விதிகள் நடைமுறைக்கு வந்தன.

இவ்விதியைக் கிணற்றுப் பம்புக்கு அப்படியே பொருத்துதல் தவறாகும். குளத்து நீர் புறப்பட்ட மட்டத்துக்கே திரும்புவதால், பம்பு வெல்ல வேண்டியது ஏறத்தாழ முழுவதும் உராய்வையே. கிணற்று நீரோ உயரத்துக்கு ஏற வேண்டும். அங்கு வேகத்தைப் பாதியாக்கினால் நீர் மேலேறாமலே நின்றுவிடக்கூடும். ஆசிரியர்கள் இவ்விரு பம்புகளையும் ஒப்பிட்டு விளக்கின், மாணவர் இவ்விதியையும் அதன் எல்லையையும் ஒருங்கே உணர்வர்.

உயிர்ப் பாதுகாப்பு

பெரிய மோட்டாருடன் பெரிய சுழற்சக்கரத்தையும் பொருத்தும் வழக்கம் மிகுந்த தீங்கு தரவல்லது. மிகையான நீரோட்டம் வடிகட்டியில் தங்க வேண்டிய அழுக்கையும் தள்ளிச் சென்றுவிடும். அதனினும் கொடியது, குளத்தின் அடியிலுள்ள உறிஞ்சு துவாரத்தின் இழுவிசை மிகுதல். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, வெந்நீர்த் தொட்டியின் வடிகாலில் உறிஞ்சப்பட்டு மீள முடியாமல் உயிரிழந்தாள். அதன் விளைவாக 2007-இல் அந்நாட்டில் வடிகால் மூடிகளின் பாதுகாப்புக் குறித்துச் சட்டம் இயற்றப்பட்டது. மூடி உடைந்தோ கழன்றோ இருப்பின், அதைச் சீர்செய்யும்வரை எவரையும் குளத்தில் இறங்க விடலாகாது. மூடி தாங்கும் நீரோட்ட அளவை மீறும் பம்பும் கூடாது.

ஈரத்தோல் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். ஆகவே மோட்டாரின் உலோக உடலை நிலத்துடன் முறையாக இணைத்தலும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு அமைத்தலும் வேண்டும். இணைப்பு வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரே, மின்சாரத்தை முற்றிலும் நிறுத்திய பின், குளத்தில் எவரும் இல்லாத நேரத்திற் செய்தல் வேண்டும்.

இறுதியாக, அச்சுத்தண்டின் அளவும் வடிவமும், பொருத்துந் துளைகளின் அமைப்பும், சுழலும் திசையும் பழையதை ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். திசை மாறினால், மரையிற் பொருத்திய சுழற்சக்கரம் கழன்றுவிடக்கூடும். மூன்று ஃபேஸ் மோட்டாரில் ஏதேனும் இரண்டு இணைப்புக் கம்பிகளை இடம் மாற்றித் திசையைத் திருத்தலாம். ஆலோசனை நாடி வருவோரிடம் களப்பணியாளர் முதலிற் கேட்க வேண்டியது, எத்தனை குதிரைத் திறன் வேண்டும் என்பதன்று. எவ்வளவு நீர், எத்தனை மணி நேரத்தில் சுற்றிவர வேண்டும் என்பதே. அதற்கு விடை கிடைத்தால் மோட்டாரின் அளவு தானே புலப்படும்.