பாலில் உறையும் புரதங்கள்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பதனிடப்படும் தோலுக்கு மெருகேற்றுவதில் பாலுக்கும் பங்குண்டு என்பதை நம் அங்கத்தினர் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். பாலிலிருந்து எடுக்கும் கேஸீன் என்னும் புரதத்தைக் காரநீரில் கரைத்து, நிறப்பொருளுடன் சேர்த்துத் தோலின்மீது பூசி, அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்குவது நெடுநாளைய வழக்கம். செயற்கைப் பிசின்கள் மிகுந்துவிட்ட இந்நாளிலும் கேஸீன் கைவிடப்படவில்லை.

பசும்பாலில் நூற்றுக்கு 3 பங்குக்குச் சற்று அதிகமாகப் புரதம் உண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கேஸீன். பால் திரியும்போது கட்டியாவது இதுவே. எஞ்சிய புரதங்கள் தெளிநீரில் தங்கிவிடும். கேஸீனும் ஒன்றன்று, நால்வகைப்பட்டது. கண்ணுக்குப் புலனாகாத இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

ஈரத்துணியில் கலப்புச் சாயம் ஒரு சொட்டு விழுந்தால், ஒரு நிறம் முந்திப் பரவ, மற்றொன்று பிந்தி நிற்பதை நெசவாளர் கண்டிருப்பர். இதுவே அடிப்படை. ரஷ்யத் தாவர அறிஞர் மிகைல் ஸ்வெட் சுண்ணப்பொடி நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை இறக்கி, அதன் நிறங்களைத் தனித்தனியே பிரித்துக்காட்டி, 1906-இல் இம்முறைக்கு வண்ணப்பிரிகை என்னும் பொருள்படப் பெயரும் இட்டார். இன்றைய திரவ வண்ணப்பிரிகையில் எஃகுக் குழாயினுள் மிக நுண்ணிய மணிகளைச் செறித்து, பால் மாதிரியைக் கரைப்பானுடன் மிகுந்த அழுத்தத்தில் செலுத்துகின்றனர். மணிகளில் குறைவாக ஒட்டும் புரதம் முன்னும், மிகுதியாக ஒட்டுவது பின்னும் வெளிவரும். கருவி வரையும் கோட்டில் ஒவ்வொன்றும் ஒரு சிகரமாக எழும். சிகரத்தின் பரப்பே அதன் அளவு.

இதனால் நமக்கு என்ன பயன்? பாலுக்கு நாம் பெறும் விலை கொழுப்பையும் பிற திடப்பொருள்களையும் கொண்டு கணிக்கப்படுகிறது. புரதத்தை அளக்கும் பழைய முறையோ நைட்ரஜனை மட்டுமே கணக்கிடும். அது எப்பொருளிலிருந்து வந்தது என்று சொல்லாது. அந்த இடைவெளியில்தான் வஞ்சகம் புகுந்தது. 2008-இல் சீனத்தில் தண்ணீர் கலந்த பாலில் மெலமைன் என்னும் நைட்ரஜன் மிக்க நச்சுப்பொருளைச் சேர்த்தனர். ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். 6 சிசுக்கள் மாண்டன. அத்தகைய பொய்ப்புரதத்தைத் தனியே பிரித்துக் காட்ட இன்று உதவுவதும் திரவ வண்ணப்பிரிகையே.

ஒருவர் செய்யும் கலப்படம் பொதுக்கலத்தில் சேர்ந்து, நூறு பேருடைய பாலையும் கெடுத்துவிடும். கருவி குற்றத்தைக் காட்டும். ஆனால் நாணயத்தை உண்டாக்காது. அது நம் தொழுவத்திலும் நம் பால் குவளையிலும் தொடங்கவேண்டும்.