206-ஆம் எண் பேருந்தில் இடமில்லை

கியோட்டோ ரயில் நிலையத்து வாசலிலிருந்து கிளம்பும் 206-ஆம் எண் நகரப் பேருந்தில் பின்கதவு வழியாக ஏற வேண்டும். இறங்குவது முன்கதவில். ஓட்டுநர் பக்கத்தில் இருக்கும் பெட்டியில் 230 யென் போட்டுவிட்டு இறங்க வேண்டும். பெட்டி மீதிச் சில்லறை தராது. கையில் நோட்டு மட்டும் இருந்தால், அதே பெட்டியின் இன்னொரு வாயில் அதைக் கொடுத்துச் சில்லறையாக மாற்றி, சரியான தொகையை எண்ணிப் போட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இதையெல்லாம் யோசிக்காமலே செய்வார்கள். நேற்று வந்து இறங்கியவருக்கு எப்படித் தெரியும்? முன்கதவு வரை வந்த பிறகுதான் தோள் பையைத் திறக்கிறார். நோட்டை எங்கே கொடுப்பது என்று ஓட்டுநர் வெள்ளைக் கையுறை போட்ட விரலை நீட்டிக் காட்டுகிறார். பின்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே இடுப்புயரத்துக்குச் சக்கரப் பெட்டிகள்.

அடுத்த நிறுத்தத்தில் கைத்தடியோடு ஒரு பாட்டி காத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு திறக்கும். உள்ளே கால் வைக்க இடம் இருக்காது. அடுத்த பேருந்தில் வருமாறு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓட்டுநர் கதவைச் சாத்துவார். 206 கியோமிசு கோயிலுக்கும் கியோன் வட்டாரத்துக்கும் மட்டும் போகிற வண்டி என்றால் பாட்டி பொறுத்துக்கொள்வார். ஆனால் அதே தடத்தில்தான் பல்கலைக்கழகமும் இருக்கிறது, அதன் பெரிய மருத்துவமனையும் இருக்கிறது.

உலகம் முழுக்க நகரவாசிகள் சுற்றுலாப் பயணிகள் மீது கோபமாக இருக்கிறார்கள், அதைப் பற்றி எழுதுங்கள் என்றுதான் ஆசிரியர் குழு கேட்டது. பார்சிலோனாவில் 2024 ஜூலையில் ஊர்வலம் போனவர்கள், நடைபாதை உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள் மீது விளையாட்டுத் துப்பாக்கியால் தண்ணீர் பீய்ச்சினார்கள். ஆம்ஸ்டர்டாம் 2023-இல், குடித்துக் கும்மாளம் போட வருகிற இளைஞர்களே, வராதீர்கள் என்று விளம்பரமே செய்தது. வெனிஸ் நகரம் 2024-இல் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. இவையெல்லாம் சத்தமான கோபங்கள், படமும் நன்றாக வரும். ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது கியோட்டோவின் சத்தமில்லாத கோபம்தான். அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தபோது கொஞ்சம் கவலையும் சேர்ந்துகொண்டது.

எண்ணிக்கையை ஒரு வரியில் முடித்துவிடலாம். ஜப்பானுக்கு 2019-இல் வந்த வெளிநாட்டார் ஏறக்குறைய 3 கோடியே 19 லட்சம் பேர். கொரோனா போய், யென்னின் மதிப்பும் விழுந்த பிறகு, 2024-இல் அது 3 கோடியே 69 லட்சத்துக்கு அருகில் வந்துவிட்டது. முதல்முறை வருகிறவர்களில் கியோட்டோவை விட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் குறைவு. ஊரின் சொந்த மக்கள்தொகை 14 லட்சத்துச் சொச்சம். சுரங்க ரயில் இரண்டே தடங்கள்தான், புகழ்பெற்ற கோயில்களில் பல அவற்றிலிருந்து தள்ளி இருக்கின்றன. ஆகவே எல்லோரும் பேருந்துக்கு வருகிறார்கள்.

வரவழைத்ததும் ஊர்தான். நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கும் சீட்டு ஒரு காலத்தில் 500 யென்னுக்குக் கிடைத்தது. மூன்று முறை ஏறினாலே காசு மீந்துவிடும். வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் அதைத்தான் பரிந்துரைத்தன. பிறகு 600, அதன் பிறகு 700 என்று ஏற்றிப் பார்த்தார்கள், கூட்டம் குறையவில்லை. 2023 செப்டம்பரோடு விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். 2024 ஜூனில், வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும் மட்டும் ஓடும் சுற்றுலா விரைவுப் பேருந்துகளைத் தொடங்கினார்கள். கட்டணம் 500 யென், நிற்பது முக்கியமான சில இடங்களில் மட்டும். பயணிகளைத் தனி வண்டியில் பிரித்து ஏற்றிவிட்டால் பாட்டிக்கு இடம் கிடைக்கும் என்பது கணக்கு. கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் நிறுத்திய நாள் சீட்டால் இழந்தது பயணிகள் மட்டுமல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் ஊரெல்லாம் சுற்றி வேலை முடிக்கிற உள்ளூர்க்காரருக்கும் அதுதான் மலிவான வழியாக இருந்தது.

இதே கதைதான் கியோனிலும்.

மாலை ஐந்து மணிக்கு மேல் ஹனாமிகோஜி வீதியில் மைகோக்கள் நடந்து வருவார்கள். பதினைந்திலிருந்து இருபது வயதுக்குள் இருக்கும் பெண்கள், கெய்ஷா கலையில் பயிற்சி பெறுகிறவர்கள். வெள்ளைப் பூச்சு, பின்னால் நீளமாகத் தொங்கும் இடுப்புப் பட்டை, உயரமான மரச் செருப்பு. இந்தக் கோலத்தில் அவர்கள் உலா வரவில்லை, வேலைக்குப் போகிறார்கள். தேநீர் விடுதியில் விருந்தினர் காத்திருப்பார், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி பின்னோக்கி ஓடுகிறது ஒரு கூட்டம். சிலர் மறித்து நிற்கிறார்கள், சிலர் கிமோனோவைத் தொட்டுப் பார்க்கிறார்கள், பிடித்து இழுத்தவர்களும் உண்டு. வேலைக்குப் போகும் பதினாறு வயதுப் பெண்ணை எந்த ஊரில் இப்படிச் செய்ய முடியும்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த வட்டாரத்தில் பயணிகளுக்கு மைகோ வேடம் போட்டுவிடுவதற்கென்றே ஒப்பனைக் கூடங்கள் இருக்கின்றன. கிமோனோ வாடகைக் கடைகளுக்கோ கணக்கே இல்லை. ஆகவே பயணிகள் முண்டியடித்துப் படம் எடுக்கிற பெண்களில் பலர் அவர்களைப் போலவே பயணிகள்தான். நடையைப் பார்த்தே உள்ளூர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வேடக்காரர் நின்று சிரிப்பார், நிஜ மைகோ நிற்கமாட்டார்.

பொறுத்துப் பார்த்த தெருக்காரர்கள் 2019-இல் பலகை வைத்தார்கள். தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம். அப்போதும் நிற்கவில்லை என்று 2024-இல் சில சந்துகளுக்குள் பயணிகள் நுழையவே கூடாது என்றார்கள். நகரச் சட்டம் அல்ல அது, அங்கே குடியிருப்பவர்களின் சங்கம் எடுத்த முடிவு. பெரிய வீதி பொதுச் சாலை, அதை மூட முடியாது. சந்துகள் அவர்களுடைய சொந்த நிலம். வேலியில் சாயாதே, நடந்துகொண்டே சாப்பிடாதே, புகைக்காதே, மைகோவைத் தொடாதே என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் படம் போட்ட பலகைகளும் வட்டாரத்தில் உண்டு. மூங்கிலை வளைத்துச் சுவரடியில் பதித்த அழகான சாய்வேலி அந்த ஊர் வீடுகளின் அடையாளம். அதன் மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்தால் முறிந்துவிடும் என்பதை எழுதி வைக்க வேண்டிய நிலைமை.

கியோட்டோக்காரர்களுக்கு இப்படிப் பலகை வைப்பது எவ்வளவு கசப்பு என்பது அவர்களைப் பற்றி ஜப்பான் முழுக்கச் சொல்லப்படும் ஒரு கதையைக் கேட்டால் புரியும். வந்த விருந்தாளி நேரம் தெரியாமல் உட்கார்ந்திருந்தால், தேநீர் ஊற்றிய சோறு கொஞ்சம் சாப்பிடுகிறீர்களா என்று வீட்டுக்காரர் கேட்பாராம். கேட்டவுடன் விருந்தாளி எழுந்து கும்பிட்டுக் கிளம்ப வேண்டும். உட்கார்ந்து சாப்பிட்டால் அவருக்கு நாகரிகம் தெரியவில்லை என்று பொருள். நம் வீடுகளில் இரவு ஒன்பது மணிக்கு மேல், ‘இருங்க, தோசை ஊத்தறேன்’ என்று அம்மா சமையலறையிலிருந்து ஒரு குரலில் சொல்வாரே, அதே ஜாதி. இப்போதெல்லாம் யாரும் நிஜமாக அப்படிக் கேட்பதில்லை, சும்மா எங்களைக் கேலி செய்யும் கதை என்று கியோட்டோக்காரர்கள் மறுக்கிறார்கள். மறுக்கட்டும். ‘போ’ என்று வாயால் சொல்லாமலே புரியவைத்த ஊர் என்ற பெயர் சும்மா வந்துவிடாது. அந்த ஊர் இன்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் ‘நுழையாதே’ என்று எழுதி வைத்திருக்கிறது.

நிஷிகி சந்தையை வேகமாகக் கடந்துவிடலாம், கூட்டத்தில் அது முடியாது என்றாலும். கூரை போட்ட, 400 மீட்டர் நீளக் குறுகல் தெரு. கியோட்டோ சமையற்காரர்கள் மீனும் ஊறுகாயும் வாங்கிய இடம் இப்போது குச்சியில் குத்திய குட்டி ஆக்டோபஸ் விற்கிறது. அதன் தலைக்குள் காடை முட்டை இருக்கும். வாங்குகிறவர் கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டுக் குச்சியையும் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும், நடந்துகொண்டே தின்னாதீர்கள் என்று சந்தை கேட்டுக்கொள்கிறது. கேட்கிறவர்கள் கேட்கிறார்கள். கத்தரிக்காய் வாங்க வந்த அம்மாள் மட்டும் இந்தச் சந்தைக்கு வருவதை நிறுத்திக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறார்.

குடியிருப்புத் தெருவில் பிரச்சினையின் முகம் வேறு. மச்சியா எனப்படும் பழைய மர வீடுகள் 2016 கணக்கெடுப்பின்போது ஏறக்குறைய 40,000 மிச்சமிருந்தன. ஆண்டுக்குச் சில நூறு வீடுகளாவது இடிபட்டுக்கொண்டிருந்தன. தப்பியவற்றில் கணிசமானவை பயணிகள் தங்கும் விடுதிகளாக மாறின. வீடு பிழைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் என்ற ஆள் போய்விட்டார். காலை ஐந்தரைக்கு விமானத்தைப் பிடிக்கக் கிளம்புகிறவரின் சக்கரப் பெட்டி, மெல்லிய மரச் சுவர்கள் நெருங்கி நிற்கும் சந்தில் என்ன சத்தம் போடும் என்று நினைத்துப் பாருங்கள். குப்பை இன்னொரு தலைவலி. கியோட்டோவில் எரிக்கும் குப்பையை நகராட்சியின் மஞ்சள் பையில் கட்டி, குறித்த கிழமையில் காலையில்தான் வெளியே வைக்க வேண்டும். பை காசு கொடுத்து வாங்குவது. இரண்டு ராத்திரி தங்கியவருக்கு மஞ்சள் பையும் தெரியாது, கிழமையும் தெரியாது. அவர் வைத்துவிட்டுப் போனதைக் காக்கை கிழிக்கும், எதிர்வீட்டு முதியவர் துடைப்பத்தோடு வருவார். 2018-இல் நாடு முழுவதற்கும் வீட்டு வாடகை விடுதிச் சட்டம் வந்தபோது, முழுக் குடியிருப்புப் பகுதிகளில் ஜனவரி 15 முதல் மார்ச் 15 வரை மட்டும்தான் அனுமதி என்று கியோட்டோ கடிவாளம் போட்டது. செர்ரி பூக்கும் முன்னே கதவை மூடிவிடுகிற ஏற்பாடு.

வருகிறவர்கள் கெட்டவர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கியோட்டோவின் அராஷியாமா மூங்கில் தோப்பில் கத்தியால் பெயர் செதுக்குகிறவனை விட்டுவிடுங்கள், அவன் எந்த ஊரிலும் அப்படித்தான். மற்றவர்கள் தங்கள் ஊர்ப் பழக்கத்தைத் தங்களோடு கொண்டுவருகிறவர்கள். நம்மவர்களும் இதில் அடக்கம். பேருந்தில் பத்துப் பேர் சேர்ந்து போனால் உரக்கப் பேசிச் சிரிப்பது நமக்கு உற்சாகம், அங்கே கைப்பேசி அழைப்பை எடுப்பதே முகம் சுளிக்க வைக்கும். ஒரே ஒருவர் வாசல் அழகாக இருக்கிறதென்று நின்று படம் எடுத்தால் வீட்டுக்காரருக்குப் பெருமை. நாளெல்லாம் இருநூறு பேர் எடுத்தால் அவர் கதவைத் திறந்து குப்பை கொட்டக்கூட வெளியே வர முடியாது. இத்தனைக்கும் அந்த ஊருக்கு வருகிறவர்களில் பெரும்பகுதி ஜப்பானியர்களே. ஆனால் ஊர்க்காரரின் கோபம் போய் விழுவது முகம் வேறாகத் தெரிகிறவர் மேல்.

கடைக்காரர்களிடம் கேட்டால் 2020-ஐ மறந்துவிட்டீர்களா, ஈ ஓட்டிக்கொண்டிருந்தோமே என்பார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அந்த வருமானம் பேருந்துக்குக் காத்திருக்கும் பாட்டியின் பைக்குப் போவதில்லை.

என் கவலை வேறு. பயணிகளைக் கட்டுப்படுத்த வைக்கிற ஒவ்வொரு பூட்டும் ஊர்க்காரர் கையிலும் சாவியைத் தேட வைக்கிறது. சந்துகளை மூடினால், அப்படி ஒரு சந்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு முதல்முறை போகிற மருமகனும் பலகையைப் பார்த்துத் தயங்கி நிற்கிறான். தங்கும் வரி 2018-இல் ஆளுக்கு ஓர் இரவுக்கு அதிகபட்சம் 1,000 யென்னாக இருந்தது. 2026 மார்ச் முதல், மிக விலையுயர்ந்த அறைகளுக்கு 10,000 யென் வரை போகிறது. மருத்துவமனையில் கிடக்கும் அப்பாவைப் பார்க்க வேறு ஊரிலிருந்து வந்து சாதாரண ஹோட்டலில் தங்கும் மகளும் அவள் அறைக்குரிய வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும். அவளைப் பார்த்தால் சுற்றுலாப் பயணியாகவா தெரிகிறது?

இப்போது பேசப்படுவது பேருந்துக் கட்டணம். ஊர்க்காரருக்கு ஒரு விலை, வெளியாருக்கு அதைவிடக் கூடுதல் விலை. 2024 மேயர் தேர்தலில் வாக்குறுதியாக வந்து இப்போது திட்டமாகியிருக்கிறது. கேட்டவுடன் எவரும் கை தட்டுவார்கள், நானும் தட்டினேன். பிறகுதான், முன்கதவில் நிற்கிறவர் ஊர்க்காரர் என்று அந்தக் கட்டணப் பெட்டிக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வருகிறது. அடையாளத்தைப் பயண அட்டையோடு இணைக்க வேண்டும். எழுபது வருடமாக அதே தெருவில் இருக்கிற பாட்டி, தன் ஊர்ப் பேருந்தில் தான் இந்த ஊர்தான் என்று நிரூபித்துவிட்டு இறங்க வேண்டும்.

அவராவது நிரூபித்துவிடுவார். கியோட்டோ கல்லூரிகளின் ஊர், பத்தில் ஒருவர் மாணவர். அவர்களில் நிறையப் பேர் படிக்க வந்த பிறகும் குடியிருப்புப் பதிவைப் பெற்றோர் ஊரிலேயே வைத்திருப்பார்கள். நான்கு வருடம் தினமும் 206-இல் போகிற அந்தப் பையன் எந்தக் கணக்கில் வருவான்? ஊரை விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். ஹோட்டல்களோடு போட்டி போட்டு நிலம் வாங்க முடியாமல், கட்டட உயரக் கட்டுப்பாட்டால் அடுக்குமாடி வீடும் போதாமல், இளம் குடும்பங்கள் பக்கத்து ஷிகா மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கின்றன. 2021-இல் ஜப்பானிய நகரங்களிலேயே அதிகமாக மக்கள்தொகை குறைந்தது கியோட்டோவில்தான். ஷிகாவின் ஓட்சு நகரிலிருந்து கியோட்டோவுக்கு ரயிலில் பத்து நிமிடம். கியோட்டோவில் பிறந்து, அங்கே வீடு வாங்க முடியாமல் ஓட்சுவுக்குப் போய், தினமும் காலையில் கியோட்டோவுக்கு வேலைக்கு வருகிற ஒரு செவிலியர் பேருந்தில் ஏறினால், அவர் கட்ட வேண்டியது சுற்றுலாப் பயணியின் கட்டணம்.