மாலை போட்டால் முடிகிறது... மற்ற நாளில் ஏன் முடிவதில்லை?

'குளிருக்கு இதமா ஒண்ணே ஒண்ணு பத்த வெச்சுக்கறேன்!' கொடைக்கானல் மலையில் பள்ளங்கி மாதிரி ஊர்களில், விடியும் முன்னே பூண்டுத் தோட்டத்தில் இறங்குகிறவர்கள் இப்படிச் சொன்னால் நியாயமாகத்தான் படும். ஆனால், உடம்பு சொல்கிற கதை வேறு!

புகையிலையில் உள்ள நிகோடின், கை கால்களின் சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் நுனிக்கு ரத்தம் குறையும். விரல் இன்னும் சில்லிட்டுத்தான் போகும். அப்புறம் அந்த 'இதம்' எங்கிருந்து வருகிறது? இழுத்த 10, 20 விநாடிகளில் நிகோடின் மூளையை எட்டி, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. அந்தச் சுகத்தைத்தான் கதகதப்பு என்று நினைத்துக் கொள்கிறோம். சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் நிகோடின் பாதியாகிவிடும். மனசு மறுபடியும் கேட்கும்.

'பீடி வெறும் இலைதானே?' என்பதும் தப்பு. பீடி சீக்கிரம் அணைந்துவிடும் என்பதால், அடிக்கடி ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. குளிருக்காக ஜன்னலைச் சாத்திய அறையில் அந்தப் புகை முழுவதும் குழந்தையின் நுரையீரலுக்குத்தான் போகிறது.

பழக்கம் எப்படி ஒட்டிக்கொள்கிறது?

தூண்டுதல், செயல், பலன் என்று மூன்று கண்ணிகள். டீ கிளாஸ் கைக்கு வருவது, சாப்பிட்டு முடிப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது... இதெல்லாம் தூண்டுதல். நகம் கடிப்பதற்கும், படுக்கையில் செல்போனைத் தடவுவதற்கும் இதே சங்கிலிதான்.

பழனி பாதயாத்திரை சொல்லும் பாடம்

மலைக்குக் கீழே பழனி. தைப்பூசத்துக்கு மாலை போட்டு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் விரதம் இருப்பவர்கள் பீடியைத் தொடுவதில்லை. இவர்களுக்கா மன உறுதி இல்லை? அதிகாலைக் குளியல், பஜனை, 'சாமி' என்று கூப்பிடுகிற ஊர்... யாரும் பீடி நீட்டுவதில்லை. தூண்டுதலே மாறிவிடுகிறது. மாலையைக் கழற்றியதும் பழைய டீக்கடை பெஞ்சு, பழைய சிநேகிதர்கள். கூடவே பீடியும் வந்துவிடுகிறது!

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புதுப் பழக்கம் ஒன்று தானாக நடக்கிற அளவுக்குப் படிய சராசரி 66 நாள் ஆனதாம்; ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை. ஆகவே, மண்டலம் முடிந்ததும் காவலைத் தளர்த்தாதீர்கள்.

என்ன செய்யலாம்?

* எப்போது, எங்கே, யாருடன் புகைக்கிறீர்கள் என்று ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள்.
* நிறுத்தும் நாளைக் குறியுங்கள். மாலை போடும் நாளாகவே இருக்கட்டுமே! பீடிக்கட்டு, ஆஷ்ட்ரே எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள்.
* ஆசை வந்தால் 5 நிமிஷம் தள்ளிப் போடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். குளிருக்கு மப்ளர், சுக்குக் காபி. வாய்க்கு ஏலக்காய்.
* மாலை கழற்றிய பிறகும் அதிகாலைக் குளியலை விடாதீர்கள். டீயை வீட்டிலேயே குடியுங்கள்.

முதல் 2, 3 நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் கடுமையாக இருக்கும். 2 முதல் 4 வாரத்தில் தணியும். அந்த நாட்களில் அவர் சிடுசிடுத்தால் வீட்டிலிருப்பவர்கள் பதிலுக்கு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு நாள் தவறினாலும், 'எனக்கு அப்பவே தெரியும்' என்று குத்திக்காட்டாதீர்கள். மறுநாளே தொடரச் சொல்லுங்கள்.

தனியாக முடியவில்லையா? டாக்டரிடம் நிகோடின் சூயிங்கம் பற்றிக் கேளுங்கள். புகையிலைப் பாக்கெட்டுகளில் 2018 முதல் அச்சிடப்படும் 1800-11-2356 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் மதுவைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதை டாக்டர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

புகையை விட்டு ஒரு வருஷம் தாண்டினால், புகைப்பதால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறைய பாதியாகிவிடும். அடுத்த தைப்பூசத்துக்குப் படியேறும்போது மூச்சு வாங்குவதும் குறைந்திருக்கும்!