இழந்த மார்பகத்தை மீள அமைத்தல்
புற்றுநோய் கருதி மார்பகம் களையப்பெற்ற மாதர்க்கு அதனை மீள அமைக்கும் நெறி பெரும்பாலும் இரண்டு. சிலிக்கோன் பையை உட்பொருத்துதல் ஒன்று. அஃது எளிதேனும் ஆயுள்முழுதும் நிலைப்பதன்று. கதிர்ச்சிகிச்சை பெற்ற மார்பிலோ, பையைச் சூழ்ந்த வடு இறுகி நோதலும் உண்டு.

மற்றொன்று, அவர்தம் உடற்றசை கொண்டே உருவாக்கல். இத்தாலியராகிய தான்சினி, மார்பகம் அகற்றிய புண்ணை முதுகுத் தோலாலும் தசையாலும் மூடும் முறையை 1906-இல் வெளியிட்டார். நெடுங்காலம் அதனைப் போற்றுவாரிலர். இந்நாளிலோ, அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் குருதிக்குழாயோடு பெயர்த்து, நுண்ணோக்கியின் துணையால் மார்பிலுள்ள குழாயோடு இணைத்துத் தைப்பர். வயிற்றுத் தசை பெரிதும் காக்கப்படும், அறுவையோ நெடியது.

எந்நெறியாயினும் வடிவு மீளுமேயன்றித் தொடுவுணர்ச்சி முழுதும் மீள்தல் அரிது. இதனை முன்னரே உரைத்தல் மருத்துவர் கடன். இரண்டும் வேண்டா என்பாரும் உளர். அதனைக் குறையென்பார் கூற்று எமக்கு உடன்பாடன்று. அறுவைநாளில் துணியாதார் ஆண்டுகள் பல கழிந்தபின்னும் செய்துகொள்ளலாம்.