அழுக்காறும் வஞ்சமும்

சேலம் மாநகருக்கு வடக்கே சேர்வராயன் மலைத்தொடர் உயர்ந்து நிற்கின்றது. அம்மலைமேல் உள்ள ஏற்காட்டில் ஓர் ஏரி உண்டு. மழைக் காலத்தில் அவ்வேரி நிறைந்து வழியும் நீர் கிளியூரை அடைந்து, ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்றும் அருவியாக வீழ்கின்றது. கிளியூர்ப் பக்கம் சென்று நாற்றிசையும் நோக்குவோர் மலையையும் முகிலையும் காப்பித் தோட்டங்களையும் காண்பர். சங்க நூல் பயின்ற மாணவர் மனக்கண்ணில் தோன்றும் காட்சியோ வேறு. தெற்கே வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை; வடக்கே, இன்று தருமபுரி என வழங்கும் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகர்; கிழக்கே, கல்வராயன் மலைக்கும் அப்பால், பெண்ணையாற்றங்கரையில் மலையமான் திருமுடிக்காரியின் கோவலூர்.

இம்மூவரும் கடையெழு வள்ளல்களின் வரிசையில் வைத்துப் போற்றப் பெற்றவர். சிறுபாணாற்றுப்படை என்னும் நூல் எழுவரையும் ஒருங்கே பாராட்டுகின்றது. காரியைக் கபிலர் பாடினார். ஓரியின் கொடையை வன்பரணர் பாடினார். அதியமான் ஔவையார்க்கு அருநெல்லிக்கனி ஈந்த செய்தியை அறியாத தமிழ்ச் சிறுவரே இலர். இத்தகைய வள்ளல்கள் அண்டை அயலில் வாழ்ந்த அந்நாட்கள் எத்துணை இனியவாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடும். ஆனால் நடந்தது யாது? காரி ஓரியைக் கொன்று, அவனுடைய கொல்லிமலையைச் சேரனுக்கு அளித்தான். அதியமான் காரியின் கோவலூரை வென்றான். அவ்வதியமானது தகடூரைச் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்றான். அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. சில செய்யுட்களே எஞ்சியுள்ளன.

இப்போர்களுக்கெல்லாம் அழுக்காறே காரணம் என்று புலவர் எவரும் கூறினாரல்லர். மண்ணாசையும் வேந்தர் ஏவலும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் எண்ணிப் பார்க்கத் தக்கது ஒன்று உண்டு. எங்கிருந்தோ வந்த பாணனுக்கு யானையும் தேரும் வாரி வழங்கிய கைகள், பக்கத்து மலையில் ஆண்டவனை மட்டும் வாழவிட இசையவில்லை. மனித இயல்பு இவ்வாறே உள்ளது. எட்டாத் தொலைவில் உள்ளவனது பெருஞ்செல்வம் நம்மை வருத்துவதில்லை. அடுத்த வீட்டான் வாங்கிய ஒரு கறவைப் பசு வருத்துகின்றது. வேறொரு மாவட்டத்து மாணவன் மாநிலத்திலேயே முதல்வனாகத் தேறினான் என்று கேட்டால் நீங்கள் வியக்கின்றீர்கள். உங்கள் பலகையில் உடன் அமர்ந்தவன் இரண்டு மதிப்பெண் மிகுதியாகப் பெற்றால் அன்றிரவு உறக்கம் வருவதில்லை. பொய் என்று சொல்லுவீர்களாயின் மகிழ்வேன், ஆயினும் நம்பமாட்டேன்.

பிறர் ஆக்கம் கண்டு பொறாத இக்குணத்தை நம் முன்னோர் அழுக்காறு என்றனர். வகுப்பில் இச்சொல்லை ‘அழுக்கு + ஆறு’ எனப் பிரித்து, அழுக்கு ஓடும் ஆறு என்று பொருள் கூறும் மாணவர் ஆண்டுதோறும் ஒருவராவது இருப்பர். கற்பனை நன்றே, இலக்கணம் அன்று. அழுக்கறு என்பது ஒரு வினைச்சொல். பெறு என்பது பேறு என நீண்டு பெயராயினாற் போல, அதுவும் நீண்டு அழுக்காறு என்று ஆயிற்று. திருவள்ளுவர் இக்குணத்தை விலக்குதற்கென்றே, அழுக்காறாமை என 17ஆம் அதிகாரத்தை வகுத்தார்.

அவ்வள்ளுவரே நூலின் இறுதியில் வேறொரு பொறாமையைப் புன்முறுவலோடு காட்டுகின்றார். புலவி நுணுக்கம் என்னும் 132ஆம் அதிகாரத்தில், கணவன் தும்முகின்றான், மனைவி வாழ்த்துகின்றாள், உடனே, நும்மை நினைத்தவள் யார் என்று கேட்டு அழுகின்றாள். அடுத்த முறை தும்மலை அடக்குகின்றான், அதற்கும் அழுகின்றாள்! இதனை ஊடல் என்பர். அழுக்காறு பிறன் பெற்றது கெடவேண்டும் என விரும்பும். ஊடல் தான் பெற்ற அன்பு குறையலாகாது என அஞ்சும். முன்னது நஞ்சு, பின்னது உணவில் இடும் உப்பு. உப்பும் அளவு கடந்தால் உணவு கெடும் என்பதை இளங்கோவடிகள் காட்டுகின்றார்.

சிலப்பதிகாரக் கதையை நீங்கள் அறிவீர்கள். கோவலன் கொலையுண்டதற்குப் பொற்கொல்லன் செய்த வஞ்சமே காரணம் என்றும் சொல்வீர்கள். அது சரியே. ஆனால் வஞ்சம் உள்ளே நுழைவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டும் அன்றோ? அக்கதவைத் திறந்தவை எவை என்று காண்போம்.

முதற் கதவு புகார்க் கடற்கரையில் திறந்தது. கோவலன் யாழ் மீட்டிக் கானல்வரி பாடினான். அவன் பாட்டைக் கேட்ட மாதவி, இவன் மனம் வேறொருத்திபாற் சென்றது போலும் என்று எண்ணினாள். எண்ணியவள் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. தானும் வேறொருவனை நினைந்தாள் போல ஒரு குறிப்புத் தோன்றப் பாடினாள். கோவலனும் கேட்டிலன், எழுந்து போனான். இருவர் நெஞ்சிலும் எழுந்த வினா ஒருவர் வாயினின்றும் வெளிவரவில்லை. அதனாலன்றோ அவன் கண்ணகியோடு மதுரை செல்ல நேர்ந்தது!

இரண்டாம் கதவு பாண்டியன் அரண்மனையில் திறந்தது. பலரும் விரைந்து கடந்து செல்லும் இடம் இது. மாணவர் இங்கே சற்று நின்று நோக்குதல் வேண்டும். நாடக மகளிரின் ஆடலிலும் பாடலிலும் அரசன் உள்ளம் ஈடுபட்டிருந்ததைக் கண்டு கோப்பெருந்தேவி ஊடினாள். ஊடலை மறைத்துத் தலைநோவு என்று சொல்லித் தன் கோயிலுக்கு எழுந்து சென்றாள். அவளது ஊடலைத் தணிக்க அரசன் அந்தப்புரம் நோக்கி விரைகின்றான். அவ்வேளையில் பொற்கொல்லன் வழியிலே வந்து பணிகின்றான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே. கோவலன் நம்பித் தன்னிடம் காட்டிய சிலம்பைக் கண்டதும், தன் களவை மறைக்க வழி பிறந்தது என்று கருதி வந்தவன் அவன். சிலம்பு திருடிய கள்வன் என் குடிலில் இருக்கின்றான் என்கின்றான்.

வேறொரு நாளாயின் அரசன் அமைச்சரை அழைத்திருப்பான், சான்று கேட்டிருப்பான். அன்று அவன் மனம் அங்கில்லை. சிலம்பு கிடைத்தால் தேவியின் ஊடலும் தீரும் என்ற எண்ணமே முன் நின்றது. அந்த விரைவில் பிறந்த ஆணையில், ‘கொல்ல’ என வர வேண்டிய சொல் ‘கொன்று’ என வந்துவிட்டது என்று பொருள் கூறுவோர் உண்டு. செய என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கும் செய்து என்னும் வாய்பாட்டு எச்சத்துக்கும் உள்ள வேறுபாடு என்ன என்று தேர்வில் கேட்டால் சலித்துக்கொள்ளும் மாணவர்கள், இங்கே அது ஓர் உயிரின் விலை என்பதை அறிக.

பின்னர்க் கண்ணகி அவைக்கு வந்து, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கின்றாள். நம் சிலம்பின் பரல் முத்து என்கின்றான் அரசன். சிலம்பு உடைகின்றது; மாணிக்கம் தெறிக்கின்றது. இவ்வொரு வினாவை ஒரு நாள் முன்னதாகக் கேட்டிருந்தால் போதும். கேட்பதற்கு ஒரு நாழிகையும் வேண்டியிருந்திராது.

ஆங்கில நாட்டுப் பெரும்புலவர் சேக்சுபியரின் ஒதெல்லோ என்னும் நாடகத்தை ஈண்டு ஒப்பிட்டு நோக்கலாம். அது 1604இல் இலண்டனில் அரசவையில் நடிக்கப்பெற்றது. ஒதெல்லோ பெருவீரன், டெசுடிமோனா அவன் அன்பு மனைவி. ஒதெல்லோ தன்னை விடுத்துக் கேசியோவைத் துணைத்தலைவனாக்கினான் என்று புழுங்குகின்றான் இயாகோ. அப்புழுக்கமே வஞ்சமாகின்றது. மனைவியின்மேல் ஐயத்தைச் சிறிது சிறிதாக ஊட்டுகின்றான். நாடகம் முழுவதும் அவனை எல்லாரும் நேர்மையாளன் என்றே அழைக்கின்றனர். நம்பப்படாதவன் வஞ்சிக்க இயலாதன்றோ! அவன் காட்டிய சான்று ஒரு கைக்குட்டை. மதுரையில் சிலம்பு, அங்கே கைக்குட்டை. யாரிடம் இருக்கின்றது என்பதை மட்டும் பார்த்தனர்; எவ்வாறு வந்தது என்பதை எவரும் கேட்கவில்லை. கேசியோவை அழைத்து வினவியிருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். நாடக இறுதியில் அவன் சொல்லத்தான் சொல்கின்றான். அதற்குள் டெசுடிமோனா இறந்துவிட்டாள்.

பொறாமை தானாகவே தோன்ற வேண்டும் என்பதும் இல்லை. பிறர் விதைக்கவும் கூடும். கம்பர் படைத்த கைகேயியை நோக்குக. இராமனுக்கு முடிசூட்டு விழா என்னும் செய்தியை மந்தரை சொல்லக் கேட்டபோது அவள் மகிழ்ந்து மாலை ஒன்று பரிசளித்தாள். இளமையில் இராமன் வில்லுண்டையால் தன் கூனில் அடித்ததை மறவாத மந்தரையோ, அம்மாலையை மண்ணில் வீசி எறிந்தாள். அப்பொழுதே அவளை வெளியே போகச் சொல்லியிருக்கலாம். கைகேயி கடிந்துரைத்தாள், ஆயினும் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்க மனம் மாறியது. கம்பர் இதனைத் திரிந்தது என்னும் சொல்லால் குறிக்கின்றார். பால் திரிவதை வீட்டில் கண்டிருப்பீர்கள். ஒரு துளி புளிப்பே போதும். பாலின் நிறம் மாறாது, குணம் மாறிவிடும். தேவர் மாயையும் காரணம் என்று கம்பர் கைகேயிக்காகப் பரிந்து பேசுவார். தாயாகிய அவளைத் தீயவள் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட அவருக்கு மனமில்லை என்றே நான் கொள்கின்றேன். நீங்களும் கதைகளைப் படிக்கும்போது, தீயவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடாமல், மனம் எவ்விடத்தில் திரிந்தது என்று வரியிலே விரல் வைத்துத் தேடுங்கள்.

இனி, முன்பு கூறிய கோவலூருக்கே மீள்வோம். காரிக்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின், அவ்வூரிலிருந்து ஆண்ட மெய்ப்பொருள் நாயனார் என்னும் மன்னரின் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். முத்தநாதன் என்பான் அவரோடு பலமுறை போரிட்டுத் தோற்றான். வெல்ல இயலாதென்று கண்டதும் உடல் முழுதும் நீறு பூசி, சுவடிக் கட்டினுள் கத்தியை மறைத்துக்கொண்டு, அடியார் வேடத்தில் வந்தான். காவலன் தத்தன், அரசர் துயிலும் வேளை என்று தடுத்தான். கேளாமல் உட்புகுந்த அவனை மன்னர் எழுந்து வணங்கினார். உறுதிப் பொருள் கேட்பார் போலத் தலை தாழ்த்தியபோது அவன் குத்தினான்.

இங்கே மன்னர் வினவாது நம்பியதும் பிழை அன்றோ என்று கூர்மையான மாணவர் கேட்பர். கேட்க வேண்டிய வினாவே. பாண்டியன் தன் விருப்பம் நிறைவேறும் விரைவில் பிறன் உயிரைப் பற்றி வினவாதிருந்தான். மெய்ப்பொருளார் தாம் மேற்கொண்ட நெறியைக் காக்கத் தம் உயிரைப் பற்றி வினவாதிருந்தார். இரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. மேலும் கதை கத்தியோடு முடியவில்லை. தத்தன் வாளை ஓங்கினான். வீழ்ந்துகொண்டிருந்த மன்னர் தடுத்து, இவர் நம்மவர் என்றார். ஊறு நேராமல் எல்லை கடத்தி விடுக என்று பணித்தார். செய்தி அறிந்து தெருவெங்கும் மக்கள் சூழ்ந்தனர். அவர்களை விலக்கிக்கொண்டு, தன் அரசனைக் குத்தியவனைத் தானே காத்து அழைத்துச் சென்றான் தத்தன். ஊர் கடந்த காட்டில் அவனை விட்டு மீண்டு வந்து, போய்விட்டான் என்று கூறினான். அச்சொல்லைக் கேட்கும் வரையில் மன்னர் உயிர் தாங்கியிருந்தார்.