லிப்ரிவாக்ஸ்

லிப்ரிவாக்ஸ் என்பது பதிப்புரிமைக் காலம் முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் உரக்க வாசித்து, ஒலிநூல்களாக இணையத்தில் இலவசமாக வெளியிடும் ஒரு கூட்டுமுயற்சித் திட்டம் ஆகும். கனடாவின் மொண்ட்ரியால் நகரைச் சேர்ந்த எழுத்தாளர் ஹியூ மெக்குவைர் இதனை 2005 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கினார். இலத்தீன் மொழியில் லிப்ரி என்பது நூலையும், வாக்ஸ் என்பது குரலையும் குறிக்கும். இங்குள்ள ஒலிக்கோப்புகளைப் பெறக் கட்டணம் இல்லை. பயனர் கணக்கும் தேவையில்லை. 2021 ஆம் ஆண்டின் இறுதியில் இதன் பட்டியலில் 16,000க்கும் மேற்பட்ட படைப்புகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில நூல்கள்.

பின்னணி

நூலைக் காதால் கேட்கும் எண்ணம் ஒலிப்பதிவுக் கருவியின் வயதை ஒத்தது. 1877 இல் போனோகிராபை உருவாக்கிய எடிசன், அதன் பயன்களை 1878 இல் பட்டியலிட்டபோது பார்வையற்றோருக்கான பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். ஆனால் அக்கால உருளைகளில் சில நிமிட ஒலியே அடங்கியது. ஒரு முழுப் புதினத்தைப் பதிய அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப்போரில் பார்வை இழந்த படைவீரர்களின் தேவையே பிரித்தானியாவில் இம்முயற்சிக்கு உந்துதலாக அமைந்தது. அங்கு 1935 இல் தொடங்கப்பட்ட பேசும் நூல் சேவையில், இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிட வாசிப்பு அடங்கியது. அதாவது, எட்டு மணி நேரப் புதினத்திற்குப் பத்து இசைத்தட்டுகள் தேவை. முதலில் வெளியான இரு நூல்கள் அகதா கிறிஸ்டியின் ரோஜர் ஆக்ராய்டு கொலை, ஜோசப் கான்ராடின் டைபூன் ஆகியவை. அமெரிக்காவில் இத்தகைய சேவை அதற்கு ஓராண்டு முன்னரே, 1934 இல் தொடங்கியிருந்தது. பார்வையுள்ளவர்களும் நூல்களைப் பெருமளவில் கேட்கத் தொடங்கியது ஒலிநாடாக்களும் மகிழுந்துகளும் பரவிய பின்னரே.

2005 இல் லிப்ரிவாக்ஸுக்குத் தேவையான பகுதிகள் பெரும்பாலும் ஆயத்தமாக இருந்தன. மைக்கேல் ஹார்ட் 1971 இல் தொடங்கிய குட்டன்பர்க் திட்டம் ஆயிரக்கணக்கான நூல்களை மின்னுரையாகத் தந்திருந்தது. பெரிய கோப்புகளைச் செலவின்றிச் சேமிக்க இணைய ஆவணகம் இடமளித்தது. எஞ்சியது குரல் மட்டுமே. கான்ராடின் த சீக்ரட் ஏஜென்ட் என்னும் புதினத்தின் அத்தியாயங்களைத் தன்னார்வலர்கள் பகிர்ந்துகொண்டு வாசித்ததே முதல் வெளியீடு. பார்வையற்றோருக்கான முதல் இசைத்தட்டு நூல்களிலும் கான்ராடு இடம்பெற்றிருந்தது தற்செயலான ஒற்றுமை.

பதிவு செய்யும் முறை

ஒவ்வொரு நூலுக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். அவர் நூலை அத்தியாயங்களாகப் பிரித்துப் பட்டியலிடுவார். விரும்புவோர் தமக்கு வேண்டிய பகுதியைக் கேட்டுப் பெறலாம். ஒருவரே முழு நூலையும் வாசிப்பதும் உண்டு. நாடகங்களில் ஒவ்வொரு பாத்திரத்தின் உரையாடலையும் வெவ்வேறு நாட்டவர் தனித்தனியே பதிந்து அனுப்ப, பின்னர் ஒருவர் அவற்றைக் கோத்து ஒரே காட்சியாக்குகிறார். ஒருவரையொருவர் பார்த்திராத இருவர் மேடையில் சண்டையிடுவது போன்ற பதிவு இவ்வாறே உருவாகிறது. ஒரே கவிதையைப் பலர் வாசித்து ஒன்றாக வெளியிடும் வழக்கமும் உண்டு. ஒரே வரி குரலுக்குக் குரல் எவ்வளவு மாறுகிறது என்பதை அறிய இதைவிட எளிய வழி இல்லை.

புதிதாகச் சேர்பவர் முதலில் ஒரு நிமிடச் சோதனைப் பதிவை அனுப்ப வேண்டும். நடிப்புத் திறனை அளப்பது இதன் நோக்கமன்று. ஒலிவாங்கி சரியாக உள்ளதா, பின்னணியில் மின்விசிறி இரைகிறதா என்பவையே கவனிக்கப்படுகின்றன. கணினியும், ஓரளவு நல்ல ஒலிவாங்கியும், ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளும் போதுமானவை. கோப்புகள் அனைத்தும் ஒற்றைத் தடத்தில், 44.1 கிலோஹெர்ட்ஸ், நொடிக்கு 128 கிலோபிட் என்னும் அளவில் எம்பி3 வடிவில் இருக்க வேண்டும். ஒலியளவு 89 டெசிபெல்லை ஒட்டி அமைய வேண்டும். இல்லையெனில் அத்தியாயம் மாறும்போதெல்லாம் கேட்பவர் ஒலியைக் கூட்டிக் குறைக்க நேரிடும். ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் இது லிப்ரிவாக்ஸ் பதிவு, பொது உரிமைப் பரப்பில் உள்ளது என்னும் அறிவிப்பு வாசிக்கப்படுகிறது.

பதிவு முடிந்ததும் வேறொருவர் அதனைக் கேட்டு, விடுபட்ட வரிகளையும் திரும்ப வந்த வரிகளையும் குறித்துத் தருவார். உச்சரிப்போ வாசிப்பு நடையோ இங்கு திருத்தப்படுவதில்லை. இக்கொள்கையே திட்டத்தின் வலிமையும் குறையும் ஆகும். எவரும் அஞ்சாமல் சேர முடிகிறது. அதே வேளையில் ஒரே நூலில் ஓர் அத்தியாயம் நாடகக் கலைஞரின் குரலிலும், அடுத்தது தயங்கித் தயங்கி வாசிப்பவரின் குரலிலும் வரக்கூடும்.

பதிப்புரிமைச் சிக்கல்கள்

லிப்ரிவாக்ஸ் அமெரிக்கச் சட்டத்தையே அளவுகோலாகக் கொள்கிறது. அங்கு பழைய நூல்களுக்குப் பொதுவாக வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் வரை பாதுகாப்பு உண்டு. எனவே 1925 இல் வெளியான த கிரேட் கேட்ஸ்பி 2021 சனவரி 1 அன்று பொது உரிமைக்கு வந்தது. இந்தியாவில் கணக்கு வேறு: ஆசிரியர் இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

இவ்வேறுபாடு இரு திசைகளிலும் இடறுகிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1950 இல் இறந்ததால் அவரது நூல்கள் இந்தியாவில் 2011 முதல் பொதுவாயின. ஆனால் 1949 இல் வெளியான அவரது 1984 புதினத்தை 2045 வரை லிப்ரிவாக்ஸ் ஏற்க இயலாது. மாறாக, அகதா கிறிஸ்டி 1976 இல் இறந்தவர். அவரது தொடக்ககாலப் புதினங்கள் அமெரிக்காவில் பொதுவாகிவிட்டன, இந்தியாவிலோ 2036 இறுதிவரை உரிமை உள்ளது. பதிவை நகலெடுத்துப் பரப்ப விரும்புவோர் தம் நாட்டுச் சட்டத்தைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டும். மொழிபெயர்ப்புகளில் மொழிபெயர்ப்பாளரின் உரிமையும் தனியே உண்டு என்பது அடிக்கடி மறக்கப்படுகிறது.

கொடுத்த குரல்

வாசிப்பவர் தம் பதிவின் மீதான உரிமை அனைத்தையும் துறக்கிறார். அதனை யார் வேண்டுமானாலும் வெட்டலாம், இசை சேர்க்கலாம், குறுவட்டில் பதிந்து விற்கலாம்; அவரைக் கேட்கவோ அவர் பெயரைக் குறிப்பிடவோ வேண்டியதில்லை. பின்னாளில் மனம் மாறினாலும் திரும்பப் பெற இயலாது.

இதன் முழு விளைவு 2015 இல் வெளியான லிப்ரிஸ்பீச் தரவுத்தொகுப்பில் தெரிந்தது. லிப்ரிவாக்ஸின் ஆங்கிலப் பதிவுகளிலிருந்து ஏறத்தாழ 1,000 மணி நேரப் பேச்சை வரிவரியாக உரையோடு பொருத்தி ஆய்வாளர்கள் இதனை உருவாக்கினர். பேச்சை எழுத்தாக்கும் நிரல்களைப் பயிற்றவும், அவற்றின் பிழை வீதத்தை ஒப்பிடவும் இது பொது அளவுகோலாயிற்று. 2017 இல் ஒரே வாசிப்பாளரின் ஏறத்தாழ 24 மணி நேரப் பதிவுகளைக் கொண்டு எல்ஜே ஸ்பீச் என்னும் தொகுப்பு வந்தது. எழுத்தைப் பேச்சாக்கும் பல நிரல்கள் அதைக் கொண்டு பயிற்றப்பட்டன. 2005 இல் நூலொன்றைப் படித்துக் கொடுத்தவர்களுக்கு இப்படியொரு பயன் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. கணினிக் குரல்கள் இன்று ஓரளவு இயல்பாக வாசிக்கின்றன. எனினும் லிப்ரிவாக்ஸ் மனிதர் வாசித்த பதிவுகளை மட்டுமே ஏற்கிறது.

2020 இல் வெளியான இதன் பன்மொழிப் பதிப்பில் எட்டு மொழிகள் இடம்பெற்றன. அனைத்தும் ஐரோப்பிய மொழிகளே. எந்த மொழியில் வாசிப்பாளர்கள் மிகுதியோ அம்மொழிக்கே பயன் போய்ச் சேர்ந்தது. லிப்ரிவாக்ஸில் தமிழ்ப் பதிவுகள் மிகச் சிலவே. மதுரைத் திட்டம் 1998 முதல் தமிழ் மின்னுரைகளைத் திரட்டி வருவதால் வாசிக்க நூல் இல்லை என்று சொல்வதற்கில்லை.

கேட்கும் முறை

ஆசிரியர், தலைப்பு, வகை, மொழி ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். புகழ்பெற்ற நூல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் இருக்கும். முதல் அத்தியாயத்தைக் கேட்டுப் பார்த்து, செவிக்கு இசைந்த குரலைத் தெரிவு செய்வது நல்லது. குரல் மாறுவதை விரும்பாதவர்கள் ஒருவரே வாசித்த பதிப்பைத் தேட வேண்டும். 128 கிலோபிட் கோப்பு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 மெகாபைட் இடம் பிடிக்கும். 64 கிலோபிட் கோப்பு அதில் பாதி. பேச்சுக்குப் பின்னதே போதுமானது. ஆங்கிலம் கற்கும் மாணவர்கள் குட்டன்பர்க் உரையைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கலாம். பல பதிவுகள் அந்த உரையிலிருந்தே வாசிக்கப்பட்டவை.

பிற ஒலிநூல் மூலங்கள்

புதிய நூல்களைக் கேட்க விரும்புவோர் வணிகச் சேவைகளையே நாட வேண்டும். 1995 இல் தொடங்கப்பட்டு 2008 இல் அமேசான் வாங்கிய ஆடிபிள் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது; இதன் கோப்புகள் எண்ணிமப் பூட்டுடன் வருவதால் நண்பருக்குக் கொடுக்க இயலாது. இந்தியாவில் அச்சு நூலை வாசிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்கு 2016 இல் தொடங்கப்பட்ட சுகம்ய புத்தகாலயா என்னும் இணைய நூலகம் உள்ளது. 2012 இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், அவர்களுக்காக நூல்களை ஒலி வடிவம் உள்ளிட்ட அணுகத்தக்க வடிவங்களுக்கு மாற்ற இடமளிக்கிறது. எனவே பதிப்புரிமை முடியாத நூல்களும் அங்கு உறுப்பினர்களுக்குக் கிடைக்கின்றன.