பிழை ஓரிடம், அபராதம் ஓரிடம்



'பாவம் ஓரிடம், பழி ஓரிடம்' என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். தரமில்லாத மென்பொருளின் கதையும் இதுதான். தப்பாக எழுதியவர் ஓரிடத்தில் இருப்பார். அதற்கு விலை கொடுப்பவர் வேறெங்கோ இருப்பார். ஓர் உதாரணம் பார்ப்போம்.

வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்வதற்கான புதிய இணையதளம் 7-6-2021 அன்று திறக்கப்பட்டது. இத்திட்டத்துக்கு 2019-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை சுமார் 4,242 கோடி ரூபாய். உருவாக்கியது இன்ஃபோசிஸ். நம்மில் எத்தனையோ பேர் வேலைக்குக் கனவு காணும் நிறுவனம்! ஆனால் திறந்த நாளிலிருந்தே கோளாறு. பலரால் உள்ளே நுழையவே முடியவில்லை. ஆகஸ்ட் 21, 22 தேதிகளில் தளமே இயங்கவில்லை. 23-ஆம் தேதி நிதியமைச்சர் அந்நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை அழைத்து விளக்கம் கேட்டார்.

இதில் நாம் பாடமாகப் படிக்க வேண்டியது ஒன்று உண்டு. கணக்கு தாக்கலுக்கு வழக்கமான கடைசி நாள் ஜூலை 31. கொரோனாவால் அந்த ஆண்டு அதைச் செப்டம்பர் 30-க்குத் தள்ளிவைத்தார்கள். அந்த அறிவிப்பு மே 20-லேயே, அதாவது தளம் திறக்கும் முன்பே, வந்துவிட்டது. ஆனாலும் ஜூலை 31 தாண்டியதும் மென்பொருள் பலருக்குத் தாமதக் கட்டணமும் வட்டியும் போட்டது. தாமதக் கட்டணம் மட்டும் 5,000 ரூபாய். வருமானம் 5 லட்சத்துக்கு மேற்படாதவருக்கு 1,000. அரசு தந்த கெடு இருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கில் முடிந்துபோச்சு! பிறகு வருமான வரித்துறையே தவறை ஒப்புக்கொண்டு, மென்பொருளைத் திருத்தியாயிற்று, கூடுதலாகக் கட்டிய பணம் திருப்பித் தரப்படும் என்று அறிவித்தது.

இத்தகைய பிழையைப் பிடிக்கப் பெரிய வித்தை வேண்டாம். ஜூலை 31, ஆகஸ்ட் 1, செப்டம்பர் 30, அக்டோபர் 1 என்று நான்கு தேதிகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தாலே போதும். கெடுவின் இரு பக்கமும் சோதிப்பதுதான் எல்லைச் சோதனை.

ஆடிட்டர் வைத்திருப்பவர் கேள்வி கேட்பார். பணம் திரும்பி வரும். மற்றவர்கள்? எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஏதாவது ஆபீசில் 'கம்ப்யூட்டர்ல அப்படித்தான் காட்டுது' என்று சொல்லிவிட்டால், அன்றைய கூலியையும் விட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்துவிடுவார். கம்ப்யூட்டரும் தப்பு பண்ணும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

நண்பர்களே! நாளை நாம் எழுதப்போகும் புரோகிராமின் முன்னாலும் இப்படி ஒருவர் வந்து நிற்பார். அவுட்புட் வந்துவிட்டது என்று ரெக்கார்டு நோட்டை மூடும் முன், அவருக்காக இன்னும் நான்கு தேதிகளைக் கொடுத்துப் பார்ப்போமா?